பென்சில், காது, வரைபடம்: புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்?" முன்பெல்லாம் பத்துப் பதினைந்து பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுப்பேன். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் வரமாட்டார்கள். வழியில் பார்த்து விசாரித்தால், முதல் புத்தகத்திலேயே முப்பது நாற்பது பக்கத்தில் நின்றுபோயிருப்பார்கள்.

ஏன் நின்றது என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. புத்தகங்கள் மேல் குறையில்லை. புலனாய்வு நூலைக் கதை போல வேகமாகப் புரட்டியிருந்தார்கள். பத்துப் பதினொரு பாட்டு சேர்ந்த பதிகத்தைச் செய்தித்தாள் போலக் கண்ணால் மட்டும் படித்திருந்தார்கள். நாவலைத் தேர்வுக்குப் படிப்பது போலத் தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்துக் களைத்திருந்தார்கள்.

இப்போது நான் பட்டியல் தருவதில்லை. மூன்று வகையில் ஒவ்வொரு புத்தகம் எடுக்கச் சொல்கிறேன். உண்மையைத் தோண்டி எழுதிய ஒரு புலனாய்வு நூல், வழிபாட்டில் பாடுகிற பாடல்களின் நூல் ஒன்று, போர்க்காலத்தில் நடக்கிற ஒரு காதல் கதை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை மாதிரித் தெரியும். அதற்காகத்தான் இந்த மூன்று. முதலாவதற்குக் கையில் பென்சில் வேண்டும், இரண்டாவதற்குக் காது வேண்டும், மூன்றாவதற்குப் பக்கத்தில் ஒரு வரைபடம் வேண்டும். இந்த மூன்று பழக்கமும் வந்துவிட்டால் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், இதை எப்படிப் படிப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியவை

மூன்று புத்தகங்களையும் ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று வைத்தால், முதலாவது தேங்கும்போது மற்ற இரண்டும் சேர்ந்து தேங்கிவிடும். காலையில் பத்து நிமிடம் பாடல். வாரத்தில் மூன்று மாலை, அரை மணி நேரம் புலனாய்வு நூல். இரவிலோ விடுமுறையிலோ கதை. இந்தக் கணக்கில் போனால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் மூன்றும் முடிந்துவிடும்.

காசு கொடுத்து வாங்கவேண்டும் என்பதில்லை. கிளை நூலகத்தில் உறுப்பினராக முகவரிச் சான்றும் சிறிய வைப்புத் தொகையும் சந்தாவும் போதும். அங்கே இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் இருக்கின்றன. மதுரைக்காரர்களுக்கு 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பழைய இலக்கியமும் திருமுறையும் வேண்டுமென்றால் 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவரும் மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கும். ஈழத்து நூல்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகம் உண்டு.

புத்தகம் கைக்கு வந்ததும் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். தலைப்புப் பக்கத்துக்கு அடுத்து வரும் பதிப்பு விவரத்தைப் பாருங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு? மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் யார், மூலத்தின் பெயர் என்ன? அப்புறம் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, அடிக்குறிப்புகளும் பெயரடைவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். இது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

புலனாய்வு நூல்

40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் ஆட்களின் பெயரும் அவர்கள் யார் என்பதும். வலது பக்கம் ஒரே ஒரு கேள்விக்கான பதில்: எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?

அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஓர் ஆவணத்தில் பார்த்திருப்பார், ஒருவர் சொல்லிக் கேட்டிருப்பார், அல்லது தானே நேரில் கண்டிருப்பார். நான் ஓரத்தில் ஆ, சா, நே என்று போட்டுக்கொள்வேன்; ஆவணம், சாட்சி, நேர். மூன்றும் இல்லாமல் ஒரு பெரிய குற்றச்சாட்டு வந்தால் கேள்விக்குறி. இருபது பக்கம் முடிந்ததும் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். எல்லாம் சா என்று இருந்தால், யாருடைய சொல்லை நம்பி இந்தப் புத்தகம் நிற்கிறது என்று யோசிக்கவேண்டும். கேள்விக்குறியே நிறைய இருந்தால், எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் நான் அதை மூடிவிடுவேன்.

இந்த வகைக்கு அடிப்படைப் பாடம் என்று நான் நினைப்பது, அமெரிக்காவில் வாட்டர்கேட் விவகாரத்தைத் தோண்டிய வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் பாப் உட்வர்ட், கார்ல் பெர்ன்ஸ்டீன் இருவரும் எழுதிய 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்'. 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். சாதாரணத் திருட்டு வழக்கு போலத் தொடங்கியது, குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி விலகுவதில் போய் முடிந்தது. நிருபர்கள் அதை எட்டிப் பிடித்தது ஏதோ ஒரு ரகசியச் சந்திப்பால் மட்டும் இல்லை. 25,000 டாலருக்கான ஒரு காசோலை, பிடிபட்டவர்களில் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது. அது யாருடைய கையிலிருந்து எங்கே போனது என்று பின்தொடர்ந்தபோதுதான் தேர்தல் நிதிக்கும் திருட்டுக்கும் இருந்த தொடர்பு வெளியே வந்தது. இன்னோர் இடத்தில், நாடாளுமன்ற நூலகத்தில் யார் எந்தப் புத்தகம் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆயிரக்கணக்கான கோரிக்கைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். தேடியது கிடைக்கவில்லை. அதையும் எழுதியிருக்கிறார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் இப்படிப்பட்ட பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள், உழைப்பு அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த நூலை நான் நம்புவதற்கு இன்னொரு காரணம், தங்கள் பிழையை அவர்களே சொல்வது. 1972 அக்டோபரில், ஒருவர் நீதி விசாரணையில் இன்னது சொன்னார் என்று ஒரு செய்தி வெளியிட்டார்கள். அவர் அங்கே அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சறுக்கல் எப்படி நடந்தது, யார் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஒளிக்காமல் எழுதுகிறார்கள். நீங்கள் எடுக்கும் புலனாய்வு நூலில் எழுதியவர் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை என்றால், கொஞ்சம் கவனமாக இருங்கள்.

பதிப்பு ஆண்டைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா? இந்தப் புத்தகம் வந்தது 1974 ஜூனில். நிக்சன் விலகியது ஆகஸ்டில். ஆகவே அந்த முடிவு புத்தகத்தில் கிடையாது. அவர்களுக்குத் தகவல் சொன்ன ரகசிய மனிதர் எஃப்.பி.ஐ.யின் உயரதிகாரி மார்க் ஃபெல்ட் என்று உலகுக்குத் தெரிந்தது 2005ல். புலனாய்வு நூல் எதுவானாலும், அது அச்சான நாளோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வழக்கு என்ன ஆனது, யார் தண்டிக்கப்பட்டார், யார் விடுதலையானார் என்று தேடி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாம் செய்யவேண்டிய நியாயமும் அதுதான்.

ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொண்ணூறுகளில் நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் சுற்றி எழுதிய கட்டுரைகள் 1996ல் நூலாக வந்தன. நம் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. பனையேறி ஒருவர் ஒரே நாளில் எத்தனை அடி ஏறி இறங்குகிறார் என்று மரக் கணக்கை வைத்தே அவர் கூட்டிக் காட்டுகிற இடத்தைப் படித்த பிறகு, வறுமை என்ற சொல்லை என்னால் லேசாக எழுத முடிந்ததில்லை. அவர் 2014ல் தொடங்கிய 'பாரி' என்ற ஊரக இந்திய ஆவணக் காப்பகம் தமிழிலும் கட்டுரைகள் வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம். ஆ, சா, நே போட்டுப் பழக ஒரு கட்டுரை போதும்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 'எரியும் பனிக்காடு' புலனாய்வு நூலா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், தொழிலாளர்கள் பட்ட பாட்டை 1969ல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் தமிழாக்கினார். உண்மையிலிருந்து பிறந்தது, ஆனால் நாவல். அதை வாசியுங்கள், கட்டாயம் வாசியுங்கள். ஓரத்தில் குறி மட்டும் போடவேண்டாம்.

வழிபாட்டு இசை

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். நானும் தவறவிட்டவன். கல்லூரி முடித்த வருடம் தேவாரத்தை எடுத்து ஒரு வாரத்தில் முந்நூறு பாட்டு படித்தேன். ஒன்றுகூட மனத்தில் நிற்கவில்லை. பல வருடம் கழித்து, ஒரு சிவன் கோயிலில் சாயரட்சை முடிந்து ஓதுவார் பாடிக்கொண்டிருந்தபோது, எப்போதோ படித்த வரி காதில் விழுந்தது. அது ஒரு பாட்டு என்பது அந்த மாலைதான் எனக்கு உறைத்தது.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் காது, அப்புறம் கண்.

ஒரே ஒரு பதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தர் சீகாழியில் பாடிய 'தோடுடைய செவியன்' நல்ல தொடக்கம்; முதல் திருமுறையின் முதல் பதிகமும் அதுதான். தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் பதிவுகள் எளிதாகக் கிடைக்கின்றன. மூன்று நாள் புத்தகத்தைத் திறக்காமல் கேளுங்கள். சமைக்கும்போதோ பேருந்திலோ கேட்டாலும் சரி. நான்காம் நாள் புத்தகத்தைத் திறந்து, பாடுபவரோடு சேர்ந்து விரலை வரிமேல் நகர்த்துங்கள்.

அச்சில் வரிகள் சீருக்கு ஏற்ப உடைந்திருக்கும். 'காடுடைய சுடலைப் பொடிபூசியென் னுள்ளங்கவர் கள்வன்' என்று பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். பாட்டுக்காக உடைத்தது அது. வாய்விட்டுச் சொன்னால் 'பொடி பூசி, என் உள்ளம் கவர் கள்வன்' என்று தானே பிரிந்துவிடும். இப்போது நான்கு அடிகளின் தொடக்கத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள்: தோடுடைய, காடுடைய, ஏடுடைய, பீடுடைய. காதில் தோடு, இருப்பது சுடுகாடு, இதழ் விரிந்த தாமரையில் பிரமன், பெருமை மிக்க ஊர். ஒரு 'டு' நான்கையும் கோத்துக்கொண்டு போகிறது. எழுத்துத் தெரியாதவரும் மனப்பாடம் செய்யும்படி கட்டியிருக்கிறார். எதுகை எதற்கு என்று பள்ளியில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை.

அடுத்து, பதிகத்தின் தலைப்பில் பண்ணின், அதாவது பாடவேண்டிய பழைய ராகத்தின், பெயர் அச்சிட்டிருக்கும். இதற்கு நட்டபாடை. ஓதுவார்கள் இன்று அதைக் கம்பீரநாட்டை ராகத்தில் பாடுகிறார்கள். சுவாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் மல்லாரி கேட்டிருக்கிறீர்களா? அதே ராகம்தான். கோயில் ஊரில் வளர்ந்தவருக்குப் பெயர் தெரியாமலே காது அதை அறிந்திருக்கும். மேகராகக்குறிஞ்சி என்று ஒரு பண் உண்டு. இன்று அது நீலாம்பரி, தாலாட்டு ராகம். இப்படி இரண்டு மூன்று பண்களைத் தெரிந்த ராகத்தோடு பொருத்தி வைத்துக்கொண்டால் போதும். முழுப் பட்டியலையும் இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பாடும் முறையிலும் இரண்டு உண்டு. தாளமில்லாமல் நீட்டிப் பாடுவது சுத்தாங்கம், தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். முதல் முறை கேட்பவருக்குச் சுத்தாங்கம் நல்லது. சொல் தெளிவாகக் கேட்கும்.

அப்புறம் சம்பந்தர் பதிகத்தின் கட்டமைப்பு. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த முந்நூறு பாட்டும் வீணாகியிருக்காது. அவர் பதிகங்களில் பெரும்பாலும் 11 பாட்டு. எட்டாவதில் மலையை எடுத்த இராவணன் வருவான். ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவார்கள். பத்தாவதில் சமணரையும் பௌத்தரையும் மறுப்பார். பதினொன்றாவதில் தன் பெயரைச் சொல்லி, இதைப் பாடுவோருக்கு என்ன கிடைக்கும் என்று முடிப்பார். இந்தப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தான் பாடியதைத் 'திருநெறிய தமிழ்' என்கிறார். வரிசை தெரிந்துவிட்டால் எந்தப் பதிகத்திலும் வழி தவறாது. பத்தாவது பாட்டுகள் சிலருக்கு நெருடும். ஏழாம் நூற்றாண்டில் சமயங்கள் மோதிக்கொண்ட காலத்தின் குரல் அது. ஒதுக்கிவிட்டுப் படிப்பதைவிட, அப்படி ஒரு மோதல் இருந்தது என்று தெரிந்துகொண்டு படிப்பதுதான் நேர்மை.

புத்தகம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தேவாரப் பதிப்புகள் இரண்டு வரிசையில் வரும். ஒரே பண்ணில் அமைந்தவற்றைச் சேர்த்து வைத்தால் பண்முறை, ஒரே ஊருக்கு உரியவற்றைச் சேர்த்தால் தலமுறை. இசைக்காகப் படிப்பவர் பண்முறையையும், கோயில் கோயிலாகப் போகிறவர் தலமுறையையும் வாங்கலாம். ஒரு முறை அட்டை அழகைப் பார்த்து ஒரு பதிப்பை வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால் ஒரு பதிகத்துக்கும் பண் போடவில்லை. அதிலிருந்து கடையிலேயே நான்கைந்து பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

உங்களுக்கு ஆலயப் பாடல்தான் பழக்கம் என்றால் இதே முறையைக் கீர்த்தனைப் புத்தகத்தில் செய்யுங்கள். பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும், கீழே பல்லவி, அனுபல்லவி, சரணம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் கிறிஸ்துவின் கதையை நம் ராகத்திலேயே பாட வைத்தார்கள். பாமாலை என்ற இன்னோர் ஆலயப் பாடல் நூலில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டுக்கு வந்த மொழிபெயர்ப்புகள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாடினால், தமிழ்ச் சொல் எங்கே இயல்பாக நடக்கிறது, எங்கே மெட்டுக்காக வளைகிறது என்று காதுக்கே தெரியும். வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி வயது உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். உலகமெங்கும் பாடும் 'அமேசிங் கிரேஸ்' பாடலின் வரிகள் 1779ல் அச்சில் வந்தன. அடிமைக் கப்பலில் தலைவராக இருந்து பிறகு மனம் மாறிய ஜான் நியூட்டன் எழுதியவை. இன்று நாம் கேட்கும் மெட்டு அவற்றோடு சேர்ந்தது 1835ல்.

இசையைப் பற்றிய ஆராய்ச்சி நூலில் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம், இப்போது வேண்டாம். தஞ்சையில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917ல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' மலை போன்ற நூல். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளிலிருந்து சுருதிக் கணக்கு வரை அதில் இருக்கிறது. பத்துப் பதிகமாவது காதில் ஏறிய பிறகு போனால்தான் அவர் எதற்காக அவ்வளவு பாடுபட்டார் என்பது புரியும்.

போர்க்காலக் காதல்

முதலில் ஒரு சின்னச் சோதனை. கதையில் வருகிற போரை எடுத்துவிட்டு வேறொரு போரை வைத்தாலும் காதலில் எதுவும் மாறாது என்றால், அங்கே போர் சும்மா திரைச்சீலைதான். அப்படிப்பட்ட புத்தகங்கள் நிறைய. நல்ல கதையில், அந்த ஊரில் அந்த மாதம் நடந்த ஒன்றால்தான் இந்த இருவருக்கும் இப்படி ஆனது என்று இருக்கும்.

அதனால்தான் வரைபடம் கேட்டேன். தமிழில் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1959ல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது மலாக்கா நீரிணைப் பகுதியிலேயே வாழ்ந்தவர் எழுதியது. பினாங்கில் ஒரு தமிழ்க் கடையில் வேலை பார்த்த செல்லையாவுக்கும் முதலாளி மகள் மரகதத்துக்கும் நடுவில் நடப்பது. அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்புகிறான். அதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன்.

படிக்கும் முன் ஒரு தாளில் மலாக்கா நீரிணையை வரையுங்கள். ஒரு கரையில் பினாங்கு, எதிர்க்கரையில் சுமத்ராவின் மெடான், தெற்கே சிங்கப்பூர். பக்கத்தில் ஐந்து தேதிகள் எழுதுங்கள். 1941 டிசம்பர் 11, பினாங்கில் ஜப்பானியக் குண்டு விழுகிறது. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் வீழ்கிறது. 1943 ஜூலை, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வருகிறார். 1944, இம்பாலில் ஜப்பானியருக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும் தோல்வி. 1945 ஆகஸ்ட் 15, ஜப்பான் சரணடைகிறது. அன்றோடு வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் வெறும் காகிதமாகிவிட்டன. பெட்டி பெட்டியாக அதைச் சேர்த்து வைத்திருந்த வியாபாரிகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் கலக்கத்துக்குள் நின்று, ஒரு கடை முதலாளி தன் மகளுக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளையைத் தேடுவார் என்று யோசித்துவிட்டு நாவலைத் திறங்கள். மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைப் பேச்சும் வரும். ஒவ்வொன்றுக்கும் நிற்காதீர்கள். பத்துப் பக்கத்தில் அவை தானாகப் பழகிவிடும். அது பிடித்துப்போனால் அதே ஆசிரியரின் 'புயலிலே ஒரு தோணி'க்குப் போகலாம். அது இன்னும் பெரிய கடல்.

நாவல் முழுதாக வேண்டாம், நேரமில்லை என்பவர்களுக்கு முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டிலேயே சிறியது, 103 அடி. எளிய உரையோடு படித்தால் ஒரே மாலையில் முடியும். கணவன் போருக்குப் போயிருக்கிறான், மனைவி காத்திருக்கிறாள், மழைக்காலம் வந்துவிட்டது. இருவருக்கும் பெயர்கூட இல்லை. வீட்டு முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, யாராவது நல்ல வார்த்தை சொல்கிறார்களா என்று காத்து நிற்கிறார்கள். குளிரில் நடுங்கித் தோளைக் கட்டிக்கொண்ட ஆயர் பெண் ஒருத்தி, தாய்ப் பசுவுக்காகத் தவிக்கும் கன்றிடம் 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். இதோ வந்துவிடுவார்கள் உன் அம்மாக்கள். அந்தச் சொல்லை நற்சொல்லாக எடுத்துக்கொண்டு வந்து தலைவியிடம் சொல்கிறார்கள். அவளோ அழுகிறாள்.

அதே இரவில் பாசறையில் அரசனான அந்தக் கணவனுக்கும் தூக்கமில்லை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, இன்னொரு கையால் தலையைத் தாங்கி நெடுநேரம் யோசிக்கிறான். எதை யோசிக்கிறான் என்று படித்தபோது நான் திகைத்துப்போனேன். அவளை நினைப்பதாகப் புலவர் அங்கே சொல்லவில்லை. வேல் பாய்ந்த வலியில் தன் பெண் யானைகளை மறந்துவிட்ட ஆண் யானையை நினைக்கிறான். அம்பு தைத்துத் தீவனம் எடுக்காமல் நிற்கும் குதிரைகளை நினைக்கிறான். 'பிடிக்கணம் மறந்த வேழம்' என்ற அந்த மூன்று சொல்லில் பிரிவும் போரும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இந்த இடத்தை மட்டும் மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள்.

வெளிநாட்டுக் கதை வேண்டுமென்றால் ஹெமிங்வேயின் 'ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்', 1929. இத்தாலியப் போர்முனையில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருக்கும் ஓர் அமெரிக்கனுக்கும் ஒரு செவிலிக்கும் நடப்பது. ஹெமிங்வே 1918ல் அங்கே காயம்பட்டு மிலான் மருத்துவமனையில் இருந்தவர். ஆனால் நாவலில் உயிரோடு நிற்கும், இத்தாலியப் படையின் 1917ஆம் ஆண்டுப் பின்வாங்கலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. புலனாய்வு நூலில் இது குறையாகும், நாவலில் இல்லை. இரண்டு வகையையும் ஒரே மாதத்தில் படிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுவில் நின்றுபோனால்

ஒரு புத்தகத்தை 50 பக்கம் வரை கொண்டுபோங்கள். அதற்கு மேலும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே வகையில் வேறொன்று எடுங்கள். வகையை மட்டும் விடாதீர்கள். பாடல் வகையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் அதைக் காலையில் வைத்தேன். புலனாய்வு நூலில் படுகொலை, வன்முறை வரும் அத்தியாயங்களைத் தூங்கப்போகும் நேரத்தில் படிக்காதீர்கள். சில பக்கங்கள் வெகுநாள் கூடவே வரும்.

மூன்றும் முடிந்ததும் யாரிடமாவது பேசுங்கள். எங்கள் கூட்டத்தில் சுருக்கம் சொல்ல விடுவதில்லை. ஒவ்வொருவரும் நோட்டிலிருந்து ஒரு கேள்விக்குறியையும், வாய்விட்டுச் சொல்ல ஒரு பாட்டையும், தான் வரைந்த வரைபடத்தையும் கொண்டு வரவேண்டும். பாடத் தெரியாவிட்டால் சொன்னால் போதும். போன மாதம் மளிகைக் கடையில் கணக்கு எழுதும் பெண் ஒருத்தி மலாக்கா நீரிணையை ரசீதுக் காகிதத்தின் பின்பக்கம் வரைந்து கொண்டு வந்திருந்தாள். பினாங்கைத் தவறான கரையில் போட்டிருந்தாள். எல்லோரும் குனிந்து பார்த்துச் சரிசெய்தோம். பிறகு அவளே செல்லையாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள்.